கத்திக்கா அச்சம், கஞ்சிக்கா?

பித்தப்பையில் கல், வலி மிகுந்துவிட்டது, பையையே அகற்றிவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். கலசப்பாக்கத்துப் பட்டு நெசவுத் தோழர் கலங்குகிறார். கத்திக்கு அஞ்சுகிறாரா? அல்ல, கஞ்சிக்கு அஞ்சுகிறார்! குழித்தறியில் அமர்ந்து மிதியை அழுத்த வயிற்றில் வலு வேண்டும். தறி நின்றால் கூலியும் நின்றது. இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

ஆனால், இதையே முதலாக்கிப் பிழைக்கிறதே ஒரு கூட்டம்! அஷ்டமி கழியட்டும் என்கிறது பஞ்சாங்கம். வாழைத்தண்டுச் சாறு கரைத்துவிடும் என்கிறது திண்ணை வைத்தியம். சிறுநீரகக் கல்லுக்குச் சொன்னதைப் பித்தக் கல்லுக்கும் சொல்லும் பேதைமை! இது பெரும்பாலும் கொழுப்புப் பொருள் இறுகிய கல். நழுவிக் குழாயை அடைத்தால் மஞ்சட்காமாலை. கணையம் அழன்றால் உயிருக்கே உலை. இராகுகாலம் முடியட்டும் என்று கல் காத்திருக்குமா?

1882இல் பெர்லினில் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். நோயாளி மறுநாளே சுருட்டுப் பிடித்தாராம்! (சுருட்டுக்கு நாம் பரிந்துரை செய்யவில்லை.) பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை போனபின் அது நேரே குடலுக்குச் செல்கிறது. சிலருக்குச் சில நாள் வயிறு இளகும். கொழுப்பைக் குறைத்துண்டால் பெரும்பாலும் அடங்கும். 1985இல் ஜெர்மனியில் தொடங்கிய சிறுதுளை முறையில் ஓரிரு வாரத்தில் இலேசான வேலை பார்க்கலாம். வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரமும் ஆகலாம். காய்ச்சலோ காமாலையோ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அந்த ஆறு வாரக் கூலி? பட்டு விற்று மாளிகை எழுப்பிய பெருமக்களைக் கேட்கிறோம்: சேலையில் பழுதென்றால் கூலியில் பிடிக்கிறீர்களே, நெய்தவர் படுத்தால் என்ன கொடுப்பீர்கள்?