பெயரை மறைத்த கிண்ணம்

அமெரிக்காவில் போர்பன் விஸ்கிப் பிரியர்கள் கூடுமிடத்தில், புட்டியின் பெயரை மறைத்துக் கிண்ணத்தை மட்டும் முன்வைத்து ருசி சோதிக்கும் வழக்கமுண்டு. இதை நாம் மெச்சுகிறோம். கெண்டக்கி மாகாணத்துப் பஃபலோ டிரேஸ் வடிசாலையில் ‘வெல்லர்’, ‘பாப்பி வான் விங்கிள்’ இரண்டும் மக்காச்சோளத்தோடு கோதுமை சேர்ந்த ஒரே கலவையிலிருந்து இறக்கப்படுபவை. பீப்பாயின் தேர்விலும் அதில் கிடந்த வருஷங்களிலுமே வித்தியாசம். ஆயினும் பின்னதன் பெயருக்காகப் பன்மடங்கு விலை கொடுக்க அலைகிறார்களே! கரியாகச் சுட்ட ஓக் பீப்பாயில் நெடுநாள் கிடந்த சரக்கில் மரத்துவர்ப்பு மிகுந்து ருசியைக் கெடுப்பதும் உண்டு. கலப்பட மோசத்தைத் தடுக்க 1897-ம் வருஷத்தில் இயற்றிய சட்டம், ஸர்க்கார் முத்திரை பெற ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருஷம் என்று விதித்தது. விலை மயக்கத்துக்கு அச்சட்டத்தில் மருந்தில்லை. வாங்குவோர் பணத்தை எண்ணுமுன் மறைத்த கிண்ணத்தில் ஒரு தடவை ருசி பார்க்கட்டும். பதுக்கி விற்போர் இதை விரும்பமாட்டார்கள்.