சுவரில் வழியும் பழுப்புக் கோடு... ஸ்க்ரூ சொல்லும் எச்சரிக்கை!

பால்கனியில் துணி காயப்போடும் கம்பி, ஏசியின் அவுட்டோர் யூனிட்டைத் தாங்கும் ஸ்டாண்டு, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பைப்பின் கிளாம்ப், ஜன்னலுக்கு வெளியே மாட்டிய கிரில்... இவற்றுக்குக் கீழே சுவரில் மெல்லிய பழுப்புக் கோடு வழிந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கோட்டையும் சேர்த்து மறைத்துவிடுவார்கள். ஆனால், அது அழுக்கு அல்ல. ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் சுமார் 30 கிலோ எடை இருக்கும். மூன்றாவது மாடியில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கைந்து போல்ட்டுகள்தான். கீழே குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் இடம் என்றால், அந்த போல்ட்டுகளைத் தேர்ந்தெடுப்பது சின்ன விஷயமே இல்லை.

சுவருக்குள் என்ன நடக்கிறது?

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அதனால்தான் அதற்குள் இருக்கும் கம்பிகள் பல ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கின்றன. ஸ்க்ரூவின் கதை வேறு. அதன் தலை வெளியே இருக்கிறது. கழுத்துப் பகுதி, ஈரம் உறிஞ்சும் பூச்சிலும் செங்கலிலும் இருக்கிறது. மழைநீர் தேங்கி, மெதுவாகக் காய்வதும் அங்கேதான். துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே அது உப்பும்போது சுற்றியுள்ள பூச்சு விரிசல் விடும். ஒருபக்கம் ஸ்க்ரூ மெலிகிறது. மறுபக்கம் அதைப் பிடித்திருக்கும் துளையும் பலமிழக்கிறது.

கடலோரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். காற்றில் வரும் உப்பு, உலோகத்தின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். கடலுக்கு நடுவே கட்டப்பட்ட பழைய பாம்பன் பாலத்துக்கு 1914-ல் திறக்கப்பட்ட நாளிலிருந்து துருவோடுதான் போராட்டமாக இருந்தது. 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியதற்குக் காரணமும் அதுவே.

எந்த ஸ்க்ரூ எங்கே?

கறுப்பு ஸ்க்ரூ: ஃபால்ஸ் சீலிங், ஜிப்சம் போர்டு வேலைக்கானது. ஈரத்தைத் தாங்காது, பக்கவாட்டில் பாரம் வந்தால் வளையாமல் படக்கென்று உடையும். வெளிச்சுவருக்கு வேண்டவே வேண்டாம்.

பளபளக்கும் வெள்ளை, மஞ்சள் ஸ்க்ரூ: துத்தநாக முலாம் பூசியவை. முலாமின் கனம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரான்தான். தலைமுடியின் கனத்தில் இது பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். படுக்கையறையில் போட்டோ மாட்ட, திரைச்சீலைக் கம்பி பொருத்த இது போதும். மழை படும் இடத்துக்குப் போதாது.

ஹாட் டிப் கால்வனைஸ்: உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. மங்கலான சாம்பல் நிறத்தில், சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு 40 மைக்ரானுக்கு மேல் இருக்கும். மதுரை, சேலம், திருச்சி போன்ற உள்மாவட்ட வீடுகளின் வெளிச்சுவருக்கு நல்ல தேர்வு. கடையில் வெறுமனே 'ஜி.ஐ.' என்று கேட்டால் முலாம் பூசியதையே எடுத்துத் தந்துவிடலாம். முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எஸ்.எஸ். 304: குரோமியமும் நிக்கலும் கலந்த எஃகு. குளியலறை, பால்கனி, மொட்டைமாடிக்கு ஏற்றது. போல்ட் தலையில் 'ஏ2' என்று பொறித்திருக்கும்.

எஸ்.எஸ். 316: இதில் மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். குறியீடு 'ஏ4'. பெசன்ட் நகர், நாகப்பட்டினம், தூத்துக்குடி எனக் கடற்காற்று நேராக அடிக்கும் வீடுகளுக்கு இதுதான். விலை கூடுதல்தான். ஆனால், ஏசி ஸ்டாண்டுக்குத் தேவைப்படுவது சில போல்ட்டுகளே.

காந்தத்தை நம்பலாமா?

'காந்தம் ஒட்டவில்லை, அதனால் அசல் எஸ்.எஸ்.' என்று சொல்வதுண்டு. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த, விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால், அது 304 அளவுக்குத் துருவைத் தாங்காது. காந்தம் நன்றாக ஒட்டினால் அது 410 ரகமாக இருக்கலாம். கடினமானது என்பதால் தானே துளைத்துக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூக்களில் இதைப் பயன்படுத்துவார்கள். துருவைத் தாங்குவதில் 304-ஐவிடக் குறைவு. ஆகவே, பில்லில் ரக எண்ணை எழுதி வாங்குவதே நல்லது.

எஸ்.எஸ்.ஸுக்கும் எதிரி உண்டு. 1985-ல் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். கூரையைத் தாங்கிய எஸ்.எஸ். கம்பிகள் குளோரின் கலந்த காற்றால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டிருந்தன. நம் வீட்டில் அந்த வேலையைச் செய்வது டைல்ஸ் கழுவும் ஆசிட். அதன் புகைகூட எஸ்.எஸ். ஸ்க்ரூவைக் கறுக்கவைத்துவிடும். ஆசிட் பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஜோடிப் பொருத்தம் முக்கியம்!

எஸ்.எஸ். பிளேட்டை முலாம் பூசிய ஸ்க்ரூவால் மாட்டக் கூடாது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஈரம் சேர்ந்தால், பலவீனமானது வேகமாக அரிக்கப்படும். இங்கே பலியாவது சின்ன ஸ்க்ரூதான். அலுமினிய ஃபிரேமில் எஸ்.எஸ். ஸ்க்ரூ போட்டால் நடுவே நைலான் வாஷர் வையுங்கள்.

துளையிடும் தூளைக் கவனியுங்கள்

ட்ரில் போடும்போது சாம்பல் தூளே தொடர்ந்து வந்தால் கான்கிரீட், சிவப்பாக வந்தால் செங்கல், வெள்ளையாக மாவுபோல வந்தால் ஏ.ஏ.சி. பிளாக். திடீரென்று பிட் உள்ளே போனால் ஹாலோ பிளாக். விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கே பொருத்தம். செங்கலின் ஓரத்தில் போட்டால் செங்கலே பிளக்கும். செங்கலுக்குத் தரமான நைலான் பிளக் போதும். மற்ற இரண்டுக்கும் அவற்றுக்கென்றே உள்ள பிளக் கேட்டு வாங்குங்கள்.

பூச்சு பாரம் தாங்காது. வெளிச்சுவர்ப் பூச்சு 20 மி.மீ., கிளாம்ப் 3 மி.மீ. என்றால் 50 மி.மீ. ஸ்க்ரூவில் செங்கலுக்குள் போவது 27 மி.மீ. மட்டுமே. நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக் போட வேண்டும்.

ஏற்கெனவே பழுப்புக் கோடு வந்திருந்தால் முறுக்கிப் பார்க்காதீர்கள். மெலிந்த ஸ்க்ரூ உள்ளேயே முறிந்துவிடலாம். பழைய துளையிலிருந்து தள்ளி, புதிய துளை போட்டு மாற்றச் சொல்லுங்கள். ஏசி ஸ்டாண்டு என்றால் மெக்கானிக்கை அழைத்து, யூனிட்டைக் கயிற்றில் கட்டிய பிறகே கழற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வெளிச்சுவரில் உள்ள ஸ்க்ரூக்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்!