பேஸ்ட்ரியில் பணம் உண்டா?

சமையல் தொழில் என்றால் நம்மவர் பலருக்கு இளப்பம். படித்த பிள்ளை கரண்டி பிடிப்பதா என்று கேட்பார்கள். பிரெஞ்சு தேசத்திலோ கேக்கும் பேஸ்ட்ரியும் செய்கிறவர் தேர்ந்த கைவினைஞராக மதிக்கப்படுகிறார். மதிப்பு இருக்கட்டும், ஜீவனத்துக்குப் போதுமா? பெற்றோர் அறிய வேண்டியது அதுவே.

அங்கே இத்தொழிலுக்கு அரசாங்கச் சான்றிதழ் ஒன்று உண்டு. பெரும்பாலும் இரண்டு வருஷப் படிப்பு. கடை ஒன்றில் சம்பளத்துடன் வேலை பழகிக்கொண்டே படிக்கலாம். 2024 நவம்பரில் அந்நாட்டில் விதித்த குறைந்தபட்சச் சம்பளம், வாரம் 35 மணி வேலைக்கு, பிடித்தம் போவதற்கு முன் மாதம் 1,801.80 யூரோ. பதினெட்டு வயது நிரம்பாத பயிலாளுக்கு முதல் வருஷத்தில் அதில் நூற்றுக்கு 27 வீதம், அதாவது சுமார் 486 யூரோ. சான்றிதழ் பெற்றவருக்கும் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் அந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டியே இருக்கும். விடியுமுன் எழ வேண்டும். ஊரார் பண்டிகை கொண்டாடும் நாளில்தான் இவருக்கு இரட்டிப்பு வேலை.

வருமானம் உயர வேண்டுமானால், பெரிய ஹோட்டலில் தலைமைப் பதவிக்கு வர வேண்டும். அல்லது சொந்தக் கடை வைக்க வேண்டும். கடையில் லாபம் பெரிது, அபாயமும் பெரிது. காலையில் செய்த க்ரீம் பேஸ்ட்ரி மாலைக்குள் விலை போகாவிட்டால், வெண்ணெயும் முட்டையும் கூலியும் சேர்ந்து நஷ்டம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். பேஸ்ட்ரிக் கடைக்காரருக்கோ கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது!

இத்தொழிலில் புகழ் பெற்றவர்கள் தின்பண்டத்தோடு தங்கள் வித்தையையும் விற்றவர்கள். பாரிஸின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரால் கைவிடப்பட்டு, எடுபிடிப் பையனாகத் தொடங்கிய கரேம், சொந்தக் கடை வைத்தார். 1815-இல் பேஸ்ட்ரிக் கலையைப் பற்றி நூல் வெளியிட்டார். 1957-இல் பாரிஸில் கடை திறந்த கஸ்தோன் லெனோத்ர், 1971-இல் பிறருக்குக் கற்பிக்கப் பள்ளியே நிறுவினார். ஆனால் இவர்களைப் போன்றவர்கள் ஆயிரத்தில் ஒருவரே என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ இத்தொழிலை விரும்பினால், கேலி செய்து தடுக்கவும் வேண்டாம். பத்திரிகைப் படத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கேக்கைக் கண்டு மயங்கவும் வேண்டாம். சொற்பச் சம்பளத்தில் சில வருஷம் பொறுத்திருக்க மனம் உண்டா, வரவு செலவு எழுதத் தெரியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், தைரியமாக அனுப்பலாம்.