தள்ளிப்போடுவது பாதுகாப்பு அல்ல

கைக்குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகும், தொடையிடுக்கு ஹெர்னியாவை வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாதம் அக்கறையாகத்தான் ஒலிக்கிறது. சான்று அதன் பக்கம் இல்லை. விலங்குக் குட்டிகளின் மூளைச் செல்கள் மயக்க மருந்தால் அழிந்ததைக் கண்டு பிறந்த பயம் இது. அது நியாயமான பயமே. அதைச் சோதிக்கவே 7 நாடுகளில் இதே ஹெர்னியாவுக்கு அறுவை செய்துகொண்ட 722 சிசுக்களை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு சாராருக்குச் செவோஃப்ளூரேன் என்னும் மயக்க மருந்து, மறு சாராருக்கு முதுகில் மரப்பு ஊசி. 2019இல் வெளியான முடிவின்படி, 5 வயதில் இரு சாராரின் அறிவுத்திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்ததே என்பார்கள். 2016இல் வந்த அந்த எச்சரிக்கை, 3 வயதுக்குட்பட்டோருக்கு 3 மணி நேரத்தைத் தாண்டும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் மயக்கத்தைப் பற்றியது. ஹெர்னியா அறுவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். (தொப்புள் ஹெர்னியா வேறு, அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.) காத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். ஹெர்னியாவில் சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றால் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும். சம்பா அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்ட பேராவூரணிக் குழந்தை, நள்ளிரவில் வாந்தியோடு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தால், அதே மயக்க மருந்தை நீர்வற்றிய உடலுக்கு அவசரமாகக் கொடுக்க நேரும். பெற்றோர் துணிந்து கேட்க வேண்டிய கேள்வி வேறு: தாய்ப்பாலை அறுவைக்கு 4 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும் என்கிறபோது, குழந்தையை ஏன் இரவெல்லாம் பட்டினி போடுகிறீர்கள்?