டி.வி. சந்தா கடன் அல்ல

"அண்ணே, இந்த மாசம் கட்டலேன்னா சிபில் போயிடும். அப்புறம் எந்த பேங்க்லயும் லோன் கிடைக்காது, பார்த்துக்குங்க."

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், டி.வி. பேக்கை நிறுத்த வேண்டும் என்று போன் செய்தபோது கிடைத்த பதில் இது. முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியைக் கடன் பிரிவில் கழித்தவன் நான். அந்த முறையில் சொல்கிறேன்: டி.வி. சந்தா கடன் இல்லை. முன்பணம் கட்டிப் பார்க்கும் பேக்கை நிறுத்தினால் சிபில் குறையாது. குறையும் என்று சொல்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே பயமுறுத்துகிறார்.

நம் ஊரில் சிபில் என்ற சொல் ஏதோ போலீஸ் ஸ்டேஷன் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அது 2000-ல் தொடங்கிய ஒரு கம்பெனி. இன்று அதைப் போல ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு இருக்கின்றன. வங்கியும் நிதி நிறுவனமும் நமக்குக் கொடுத்த கடன், கிரெடிட் கார்டு, அவற்றை நாம் எப்படித் திருப்பிக் கட்டினோம் என்பதுதான் அவர்கள் கணக்கின் முக்கால் பங்கு. அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண். டிஷ் ரீசார்ஜ் என்பது நாம் முதலில் பணம் கட்டி, பிறகு படம் பார்ப்பது. பணம் தீர்ந்தால் திரை கறுத்துவிடும். இதில் பாக்கி எங்கே இருக்கிறது? பாக்கியே இல்லாதபோது யார் யாரைப் பற்றி எங்கே எழுதிப் போட முடியும்?

அந்தக் காலத்தில் கேபிள்காரர் மாதம் ஒரு முறை சைக்கிளில் வருவார். கையில் காசு இல்லையென்றால் "அடுத்த வாரம் வாப்பா" என்போம். ரொம்ப இழுத்தால் வயரைப் பிடுங்கிவிடுவார், அதோடு விஷயம் முடிந்தது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது தறிக்காரர் வீடுகளில் இருந்த நிம்மதி எனக்கு நினைவிருக்கிறது. 2019-ல் டிராய் புதுக் கட்டண முறையைக் கொண்டுவந்தது. சேனல் காசு தனி, அதற்கு முன் நெட்வொர்க் கட்டணம் மட்டும் வரியோடு 153 ரூபாய் 40 காசு. சேனலை நாமே பொறுக்கி எடுத்துச் செலவைக் குறைக்கலாம் என்றார்கள். எத்தனை பேர் வீட்டில் குறைந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அன்றைக்கெல்லாம் டி.வி. வேறு, கடன் வேறு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டையும் கலந்தது கடைக்காரர்கள். தீபாவளிக்கு 43 இன்ச் டி.வி. எடுக்கப் போகிறீர்கள். "கையில காசே வேண்டாம் சார், நோ காஸ்ட் இ.எம்.ஐ.!" (பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது, அந்தப் பெயரில் கடன் கொடுக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அது இன்னும் உலவுகிறது.) அதே மேஜையில், அதே போனில், அதே ஓ.டி.பி. சடங்கில் ஒரு ஓ.டி.டி. பேக்கும் சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தபிறகு மாதம் இவ்வளவு போகிறது என்று மட்டும்தான் தெரியும். எது கடன், எது சந்தா என்று தெரியாது. அத்தி வரதர்கூட நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் குளத்திலிருந்து எழுந்து வருகிறார். ஆட்டோ டெபிட் மாதம் தவறுவதில்லை.

நெசவாளருக்கோ மாதச் சம்பளம் கிடையாது. புடவையை முடித்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் அதுவும் நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு மாதத்தில்தான் நம் நண்பர் பேக்கை நிறுத்தப் போன் செய்தார். பயமுறுத்தல்தான் பதிலாக வந்தது. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது: கணக்கில் பணம் இருந்தால்தானே எடுப்பார்கள்? மொத்தத்தையும் ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டார். பேக் நின்றது. அதே வாரம் டி.வி. கடனுக்கான தவணையும் வந்து திரும்பிப் போனது. வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். அதையும்விட மோசம், தவணை தவறியது அவர் கடன் அறிக்கையில் ஏறிவிட்டது. அந்த மாத வாரியான கட்டம் 36 மாதம் வரை காட்டும். கூலிக்கு நெய்வதை விட்டுவிட்டு, சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கிப் பாவு போட வேண்டும், அதற்கு நெசவாளர் முத்ரா கடன் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பேக்கை நிறுத்தினால் சிபில் போகும் என்று பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யிலிருந்து தப்பிக்கப் போய்த்தான் சிபில் உண்மையிலேயே போனது. அவரிடம் ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதுமே ஐயா!

முறையாக வெளியேறுவது இப்படித்தான். முதலில் பாஸ்புக்கையோ மெசேஜையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிடித்தமும் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். சந்தா கார்டிலிருந்து போனால், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக நடப்பில் இருக்கிறது. யு.பி.ஐ. என்றால் உங்கள் போனிலேயே ஆட்டோபே பக்கத்தில் ரத்து செய்யலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாடகைப் பெட்டி இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். போஸ்ட்பெய்ட் பிராட்பேண்டோடு சேர்ந்து வரும் டி.வி. மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே பில் பாக்கி என்று ஒன்று உண்டு. அதைக் கட்டி, மோடத்தையும் கொடுத்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

தவணைக் கடனைத் தொடாதீர்கள். அதற்கான பணம் கணக்கில் இருக்கட்டும். மின்னணுத் தவணை பணமில்லாமல் திரும்பினால் செக் திரும்பியது போலவே வழக்குப் போட 2007-ஆம் வருஷச் சட்டத்தில் இடமிருக்கிறது. நிஜமாகவே கட்ட முடியாது என்றால், தேதி வருவதற்கு முன்பே கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள். மொத்தமாக முடிக்க எவ்வளவு என்று கேளுங்கள். "கொஞ்சம் குறைத்துக் கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று இனிக்க இனிக்கப் பேசினால் ஜாக்கிரதை. செட்டில்டு என்ற சொல் அறிக்கையில் ஏறினால் அடுத்த வங்கி மானேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

"தறிக்காரனுக்கு எதுக்கு 43 இன்ச்?" என்று என் வயது நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒரு நாளில் பாதியைத் தறியில் உட்கார்ந்து கழிப்பவர் வீட்டில் பாட்டும் சீரியலும் ஓடக்கூடாதா? பென்ஷன் வாங்கிக்கொண்டு நாம் பார்க்கலாம், அவர் பார்க்கக்கூடாதா? செலவு தாங்கவில்லையென்றால் தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் இருக்கிறது, 2004-லிருந்து நடக்கிறது, மாதக் கட்டணமே கிடையாது. தமிழ் சீரியல் அவ்வளவாகக் கிடைக்காது, அது வேறு விஷயம். என் கேள்வி கடைக்காரரிடம்தான். சேர்வதற்கு ஒரு ஓ.டி.பி. போதும், விலகுவதற்கு மட்டும் பத்து போன் ஏன்? சந்தா வலை என்பதை இருண்ட உத்திகளின் பட்டியலில் சேர்த்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டதே, அது உங்கள் கவுண்டருக்கு வரவில்லையா? கடன் தாளும் சந்தா தாளும் தனித்தனியாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இப்படி மடக்கினால் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். கடன் கொடுத்தவர் மீது புகார் என்றால் முதலில் அவருக்கு எழுதி, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். அதற்கு 14448.

நம் நண்பர் தவறிய தவணையை அபராதத்தோடு கட்டிவிட்டார். மீதித் தவணைகளையும் தேதிக்குக் கட்டி வருகிறார். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. இந்த மாதம் அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தேன். பேக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டிய தவணையைத் தவறாகக் காட்டியிருந்தால் புகார் கொடுக்கலாம், 30 நாளில் திருத்தாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு என்றும் சொல்லியிருக்கிறேன். கடன் முடிந்ததும் குளோஸ்டு என்று வருகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். முத்ரா விண்ணப்பத்தை அதற்குப் பிறகு கொடுப்பதாக இருக்கிறோம்.