சராசரிக்குள் மறையும் கிராமங்கள்

யானைக்கால் நோய் என்றதும் கால் வீங்கிய முதியவர்களே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால், ஒரு பகுதியில் அந்நோயின் பரவல் நின்றுவிட்டதா என்பதை அறிய, சுகாதாரத் துறையினர் பரிசோதிப்பது ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் ரத்தத்தைத்தான். பெரியவர் உடலில் உள்ள புழு பல ஆண்டுகளுக்கு முன்பே புகுந்திருக்கலாம். சிறு குழந்தையின் உடலில் அது இருந்தால், நோய் அண்மைக் காலத்திலும் பரவியிருக்கிறது என்றே பொருள்.

முன்பெல்லாம் இந்நோயைக் கண்டறிய இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நுண்புழுக்கள் இரவில்தான் ரத்த ஓட்டத்தில் மிகுதியாகத் தென்படும். இப்போது விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தைப் பரிசோதனைப் பட்டையில் இட்டால், பகலிலேயே பத்து நிமிடங்களில் விடை கிடைக்கிறது.

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, குறைந்தது ஐந்து சுற்று மாத்திரை வழங்கலுக்குப் பிறகே இக்கணக்கெடுப்பு நடத்தப்படும். ஒவ்வொரு சுற்றிலும் மக்களில் 65 சதவீதம் பேராவது மாத்திரையை உட்கொண்டிருக்க வேண்டும். க்யூலெக்ஸ் கொசு நோயைப் பரப்பும் நம் நாட்டில், குழந்தைகளிடையே தொற்று 2 சதவீதத்துக்குக் குறைவு என்று உறுதியானால் அந்தப் பகுதி தேர்ச்சி பெறும். மாத்திரை வழங்கல் நிறுத்தப்படும். பின்னர் இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளியில் மேலும் இருமுறை கணக்கெடுக்கப்படும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், சராசரிகள் எதைக் காட்டுகின்றன என்பதைவிட எதை மறைக்கின்றன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். 20 லட்சம் மக்கள் வரை கொண்ட ஒரு பகுதியை ஒரே மதிப்பீட்டு அலகாகக் கொள்ளலாம். அதிலிருந்து ஏறத்தாழ 1,500 முதல் 1,700 குழந்தைகளே பரிசோதிக்கப்படுகின்றனர். தொற்றுள்ளவர்கள் சுமார் 20 பேரைத் தாண்டாவிட்டால் தேர்ச்சி. அந்த 20 பேரும் இருபது ஊர்களில் சிதறியிருந்தாலும், சாக்கடை தேங்கிய ஒரே சேரியில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். நோய்க்கு அது ஒன்றல்ல.

பள்ளிச் சேர்க்கை 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் பள்ளிகளிலேயே பரிசோதனை நடக்கிறது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குச் சென்றுவிட்ட குழந்தை அந்த வரிசையில் நிற்பதில்லை. மாத்திரை கிடைக்காமல் போகவும் அதிக வாய்ப்புள்ள குழந்தை அதுவே.

இலங்கையின் அனுபவம் நமக்குப் பாடம். 2002 முதல் 2006 வரை மாத்திரை வழங்கிய அந்நாடு, பொது சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து யானைக்கால் நோயை நீக்கிவிட்டதாக 2016-இல் அங்கீகாரம் பெற்றது. எனினும், காலி மாவட்டக் கடலோரத்தில், குழந்தைகள் கணக்கெடுப்பில் தேர்ச்சி பெற்ற பிறகும் கொசுக்களிடம் ஒட்டுண்ணியின் தடயம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அங்கீகாரத்துக்குப் பிறகும் இலங்கை கண்காணிப்பைக் கைவிடவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

2002-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, இந்நோயை ஒழிக்க 2015-ஐ இலக்காக வைத்தது. இப்போதைய இலக்கு 2027. ஆண்டு நெருங்க நெருங்கத் தேர்ச்சியே குறிக்கோளாகிவிடும் அபாயம் உண்டு.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. தேர்ச்சி விவரத்துடன், தொற்றுள்ள குழந்தைகள் எந்தெந்த ஊர்களில் உள்ளனர் என்பதையும் பெயர்களைத் தவிர்த்து வெளியிட வேண்டும். அக்குழந்தைகளின் குடும்பத்தினரையும் அண்டை வீட்டாரையும் பரிசோதித்து மருந்தளிக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே உள்ள குழந்தைகளைத் தேடிச் செல்ல வேண்டும். நோய் நீடிக்கக்கூடிய இடங்களில் கொசுக்களையும் ஆராய வேண்டும். மாத்திரை நிறுத்தப்பட்டதால் மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைக் கண்காணிப்புக்கும் வடிகால் வசதிக்கும் ஒதுக்க வேண்டும்.

இன்று ஏழு வயதுக் குழந்தையின் உடலில் புகும் புழு, கால் வீக்கமாக வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். அப்போது 2027 என்ற இலக்கை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். வேலையை இழந்து நிற்பவர் மட்டும் அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.