பரீட்சை முடிந்தது, படபடப்பு முடியவில்லை

சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழும்புவதற்காகத் தொலைபேசியில் அலாரம் வைத்திருந்தேன். கடைசி வினாத்தாளை எழுதிவிட்டு வந்த அன்று முதல் வேலையாக அதை அழித்தேன். ஆனால் மறுநாளும் நான்கு மணிக்கே விழிப்பு வந்தது. நெஞ்சு வேகமாக அடித்தது. விரல் நுனிகள் விறைத்திருந்தன. சுபஹு தொழுதுவிட்டுப் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டியது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது.

"சோதினைதான் முடிஞ்சிட்டே, இன்னும் என்ன யோசினை?" என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். உண்மையில் நான் எதையும் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. சிலர் கண்ணூறு என்றார்கள். சிலர் உயர்தர வகுப்புக்குப் போகாமலிருக்கப் போடும் நடிப்பு என்றார்கள். பின்னர் வகுப்பில் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னபோது, என் வரிசையிலேயே மூன்று பேர் "எனக்கும் அப்படித்தான்" என்றார்கள். அவர்களும் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இது நடிப்பல்ல. பயம் வரும்போது அதிரினல் சுரப்பிகள் ஓமோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு மந்தமாகிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓடுவதற்காக அல்லாஹ் நமக்குத் தந்த ஏற்பாடு இது. ஆனால் ஓட வேண்டிய ஆபத்து சில நிமிடங்களுக்குரியது. நாமோ அந்த நிலையிலேயே மாதக்கணக்கில் இருந்து படிக்கிறோம். இத்தனை நாள் காவலுக்கு நின்று பழகிய உடம்பு, பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் காவலைக் கைவிடுவதில்லை.

விரல் விறைப்பதற்கும் காரணம் உண்டு. பதற்றத்தில் நாம் அறியாமலே வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் குருதியில் காபனீரொட்சைட்டின் அளவு குறைந்து விரல்கள் விறைக்கின்றன, தலை சுற்றுகிறது. முடி கொட்டுவது, கடும் அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே தொடங்குவதுண்டு. பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும். இவை தெரியாதபோது, 'எனக்கு இதய நோயோ' என்று பயப்படுகிறோம். அந்தப் பயமே மறுபடியும் நெஞ்சை அடிக்க வைக்கிறது.

"நாங்களும்தானே குப்பி விளக்கில் படித்தோம், எங்களுக்கு இப்படி எதுவும் வரவில்லையே" என்று பெரியவர்கள் கேட்கலாம். வந்தது, அதற்குப் பெயர் வைக்கவில்லை என்பதே என் எண்ணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் எத்தனை பேர் மாதக்கணக்கில் தூங்காமல் இருந்தார்கள் என்று உம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் உம்மம்மா இன்றும் மழை இரவுகளில் கடல் இரைந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சுனாமியையும் பரீட்சையையும் நான் சமமாக்கவில்லை. பயம் போன பின்னும் உடம்பு அதை வைத்திருக்கும் என்பதற்கு நம் வீடுகளிலேயே சாட்சி இருக்கிறது என்கிறேன்.

"ஈமான் இருந்தால் இப்படி வராது" என்ற பேச்சும் உண்டு. மகனைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதாக சூரா யூசுப் கூறுகிறது. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே என்று அவர்களின் பிள்ளைகளே குறைபட்டார்கள். அழகிய பொறுமைக்கு உதாரணமான ஒரு நபியின் உடம்பிலேயே கவலை தெரிந்தது என்றால், பதினாறு வயதுப் பிள்ளையின் நெஞ்சு படபடப்பதை ஈமானின் குறை என்று எப்படிச் சொல்வது? ஓதிப் பார்ப்போம், துஆ கேட்போம். அதோடு வைத்தியரிடமும் போவோம். மருந்து தேடுவதும் ஸுன்னத்தான்.

உம்மா என்னை வைத்தியரிடம் கூட்டிப்போனார். குருதியும் ஈ.சி.ஜி.யும் பார்த்தார்கள். நோய் ஒன்றுமில்லை. "ஒன்றுமில்லை என்றால் பொய் என்று அர்த்தமில்லை, உடம்பு ஆறுவதற்கு நாள் எடுக்கும்" என்று வைத்தியர் உம்மாவிடம் சொன்னார். அந்த ஒரு வசனம் எனக்குப் பாதி மருந்தாக இருந்தது. ஆனால் பரிசோதிக்காமல் நாமாகவே 'இது மனப் பதற்றம்தான்' என்று முடிவு கட்டவும் கூடாது. மயக்கம், நடக்கும்போது நெஞ்சு வலி, காரணமில்லாத மெலிவு இருந்தால் தாமதிக்கவே கூடாது.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பரீட்சை முடிந்த கையோடு உயர்தரத் தனியார் வகுப்பில் சேர்க்கிறீர்கள். பெறுபேறு வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. தம்பிமார் மைதானத்துக்குப் போய் ஓடி விளையாடி இறுக்கத்தைக் கரைக்கிறார்கள். நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து அடுத்த புத்தகத்தைத் திறக்கிறோம். ஒரு மாதமாவது விடுங்கள். அசருக்குப் பிறகு எங்களோடு கொஞ்சம் நடக்க வாருங்கள். தூங்க விடுங்கள். "இன்னுமா?" என்று கேட்காமல் "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.

தோழியரே, வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஆசிரியை ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். மறைத்து வைத்தால் அது வளரும்.

இப்போது எனக்கு நான்கு மணிக்கு விழிப்பு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் பயமில்லை. எழுந்து வுழூ எடுத்து இரண்டு ரக்அத் தொழுகிறேன். பிறகு தூங்கிவிடுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அது முடிந்ததும் எனக்கு ஒரு மாதம் வேண்டும் என்று இப்போதே உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.